திரும்பி வராத நம் தோட்டத்து வாலிபன்

(செர்டாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், சங்கத்தைச் சேர்ந்த கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியோ, மழை நாள் சம்பளத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இன்று சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றைப் பேச நம் தலைவர் இருக்கிறார். எம்மைவிட நன்றாகவும் பேசுவார். நாம் இன்று ஒரு வாலிபனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பத்தொன்பது வயதில் இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து புறப்பட்டுப் போனவன். பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவில் மாண்டவன். அவன் மாண்டு 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவன் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. அதன் காரணத்தை முடிவில் தெரிந்துகொள்வீர்கள்.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. கிராணி என்பவன் யார்? பெயர் எழுதுகிறவன். இருட்டோடு பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிடுகிறோம். வந்தவன் பெயருக்கு நேரே ஓர் அடையாளம் விழுகிறது. வராதவன் பெயருக்கு நேரே வேறோர் அடையாளம். மாதக் கடைசியில் அந்த அடையாளங்களைக் கூட்டித்தான் சம்பளம். ஒருவன் தோட்டத்தை விட்டுப் போனால் அவன் பெயரின்மேல் ஒரு கோடு. அத்தோடு அவன் கணக்கு முடிந்தது. செக்ரோலில் இல்லாதவன் தோட்டத்திலும் இல்லை. ஆகவே, பெயர் விடுபட்டுப்போன ஒருவனைப் பற்றிப் பேசும் கடமை மற்றவர்களைவிட எங்களுக்கு அதிகம். அதிலும் அவன் கதையில் ஒரு கிராணியின் கை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

இந்தச் செய்தி எமக்குக் கிடைத்த விதம் இதுதான். சங்கச் சந்தா வசூலிக்க லயத்து வீடுகளுக்குப் போனோம். கடைசி வீட்டில் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நேதாஜி படம் ஒன்று மாட்டியிருந்தது. தொப்பியும் கால்சட்டையுமாய் ராணுவ உடுப்பில் நிற்கும் படம். கண்ணாடி உடைந்து, ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது. "என்ன பாட்டி, படத்தை மாற்றக்கூடாதா?" என்று விளையாட்டாகக் கேட்டோம். தொண்ணூறு வயதை நெருங்கும் அந்தப் பாட்டி எங்களை உட்காரச் சொல்லி, வரக்காப்பி போட்டுக் கொடுத்து, "அது எங்க அண்ணன் வாங்கியாந்த படம்" என்றார். அதன் பிறகு நாங்கள் மூன்று முறை போயிருக்கிறோம். சந்தாவுக்காக அல்ல.

சகோதரர்களே, அந்த யுத்தம் எங்கோ தூரதேசத்தில் நடந்தது என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். மூன்றாம் நாள் நம் கெடாவின் ஜித்ராவில் பெரும்போர். வெள்ளைக்காரன் தரப்பில் அங்கே நின்ற படைக்குப் பெயர் 11ஆவது இந்திய டிவிஷன். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் பஞ்சாபியரும் கூர்க்காக்களும். டாங்கியைக் கண்ணால் கண்டிராதவர்கள் பலர் என்று அந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. 17ஆம் தேதி நமக்கு அருகிலுள்ள தித்தி கராங்கானில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் சற்று நேரம் எதிர்த்து நின்றார்கள். பிறகு அவர்களும் கிரியான் ஆற்றைக் கடந்து பேராக்குக்குள் போய்விட்டார்கள். துரைமார்கள் அதற்கு முன்பே காரேறிப் போய்விட்டார்கள். கூலிக்காரன் மாத்திரம் லயத்திலேயே இருந்தான். அவனுக்கு ஏது கார்?

இன்னொரு விஷயம் நம் கெடாக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் முளைத்த இடம் சிங்கப்பூர் அல்ல, கெடா. ஜித்ராப் போரில் சிதறிக் காட்டில் அலைந்த பஞ்சாப் ரெஜிமெண்டுக் காப்டன் மோகன் சிங், அந்த டிசம்பர் மாதத்தின் நடுவில், அலோர் ஸ்டாரில்தான் ஜப்பானிய அதிகாரி புஜிவாராவையும் ஞானி பிரீதம் சிங்கையும் கண்டு பேசினார். பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு ஒரு சுதந்திரப் படை அமைக்கலாம் என்ற பேச்சு அங்கே தொடங்கியது. அந்த முதல் படை ஓராண்டிலேயே ஜப்பானியரோடு பிணங்கிக் கலைந்தது. மோகன் சிங்கையே ஜப்பானியர் கைது செய்தார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகுதான் அது மீண்டும் உயிர் பெற்றது. சிப்பாய் அல்லாத ஜனங்களும், முக்கியமாக நம் தோட்டத்துத் தமிழ் வாலிபர்களும், ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தது அதன் பிறகுதான்.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பால் வாங்க ஆளில்லை. மரங்கள் சும்மா நின்றன. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. துணிக்குப் பதில் சாக்கு. காய்ச்சலுக்குக் கொய்னா கிடையாது. வாழைமரம் அச்சடித்த நோட்டு கையில் கட்டுக்கட்டாக இருந்தும் கடையில் சாமான் கிடையாது. இவ்வளவும் போதாதென்று 1943ஆம் ஆண்டில் தோட்டம் தோட்டமாக ஆள் கேட்டு வந்தார்கள். எதற்கு? சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்கு. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு உண்டு என்றார்கள். முதலில் போனவர்கள் நம்பிப் போனார்கள். அவர்கள் திரும்பி வராதபோது, இனி யாரும் தாமாகப் போகமாட்டார்கள் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள்.

அந்தத் தலைகளின் பட்டியலை எழுதியவன் யார்?

நண்பர்களே, இதைச் சொல்லும்போது எமக்கு நாக்கு எழவில்லை. கிராணிதான் எழுதினான். பல தோட்டங்களில் கிராணியும் கங்காணியும் சேர்ந்து எழுதினார்கள். எழுதாவிட்டால் அவர்கள் முதுகுத் தோல் உரிந்திருக்கும் என்பது மெய். எழுதும்போது தமக்கு வேண்டியவனை விட்டுவிட்டு வேண்டாதவனைச் சேர்த்தார்கள் என்பதும் சில இடங்களில் மெய். எங்கள் வர்க்கத்தின்மேல் தொழிலாளிக்கு நெடுங்காலம் மனக்கசப்பு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கசப்பு நியாயமானது.

நம் வாலிபன் இருந்த தோட்டத்துக் கிராணி ஒருநாள் இரவு, விளக்கு இல்லாமல், லயத்துக்குப் பின்பக்கமாக வந்தாராம். பாட்டி அப்போது ஏழெட்டு வயதுச் சிறுமி. தூங்குவதுபோல் படுத்திருந்து கேட்டிருக்கிறார். "தம்பி, உன் பெயர் சயாமுக்கு விழுந்திருக்கிறது. நாளை மறுநாள் லாரி வரும். சுதந்திரப் படையில் சேர்ந்தவனை இவர்கள் தொடமாட்டார்கள். நீ நாளைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிடு" என்று சொன்னாராம். அம்மா அழுதார்களாம். அண்ணன் மறுநாளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டான்.

ஆனால் தலைக்கணக்குக் குறையக்கூடாதே. அடுத்த லயத்தில் இன்னொரு பையன் இருந்தான். தாயும் தகப்பனும் இல்லாமல் சிற்றப்பன் வீட்டில் வளர்ந்தவன். நம் வாலிபனோடு ஒரே நிரைக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவன். லாரி வந்தபோது அதில் ஏறியவன் அவன். அவனும் திரும்பி வரவில்லை. அவனுக்காக அழுவதற்கும் ஆள் இல்லை. சிற்றப்பன் குடும்பம் யுத்தம் முடிந்ததும் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது.

கிராணி செய்தது நன்மையா தீமையா? நாங்கள் ஆபீசில் இதைப் பேசிப் பேசி ஒருநாள் முழுவதும் வாதாடினோம். ஒருவர் சொன்னார், "ஒரு பையனைக் காப்பாற்றினார்" என்று. மற்றவர் சொன்னார், "ஒரு பையனைக் கொன்றார்" என்று. காப்பாற்றப்பட்டவனும் பிழைக்கவில்லையே என்று மூன்றாமவர் சொன்னார். எமக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த மேஜையில் அன்று நாம் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று மாத்திரம் அடிக்கடி நினைக்கிறோம்.

அப்படியானால் நம் வாலிபன் பயந்துதான் படையில் சேர்ந்தானா? சிலர் இப்படிக் கேட்பார்கள். தியாகி என்றால் அவன் நெஞ்சில் தேசபக்தியைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது என்று மேடையில் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். பாட்டியிடமே கேட்டோம். அவர் சொன்னது: "எங்க அண்ணன் பயத்துக்காகவும் போனுச்சு, சோத்துக்காகவும் போனுச்சு, அந்தப் பேச்சைக் கேட்டும் போனுச்சு. எல்லாந்தான்." இதற்குமேல் மெய்யான பதில் இருக்க முடியாது.

அந்தப் பேச்சு என்று பாட்டி சொன்னது என்ன? இந்திய சுதந்திர சங்கத்தார் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். நேதாஜி இந்துஸ்தானியில் பேசுவார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார். தாய்மார்கள் காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை என்று பெண்களுக்கே ஒரு படை எழுந்தது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் துப்பாக்கி தூக்கினார்கள். இதையெல்லாம் எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை துரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஜனங்கள். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் கோரிக்கைகளில் ஒன்று. அதற்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. அப்படிப்பட்ட ஜனங்களிடம் ஒருவர் வந்து, "நீயும் நானும் சமம், வா, சேர்ந்து நடப்போம்" என்று சொன்னால் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இரத்தம் கொதிக்காதா?

சிரம்பானில் பயிற்சி. பிறகு சிங்கப்பூர். கட்டளைகள் எல்லாம் இந்துஸ்தானியில். ஒருமுறை விடுப்பில் வந்தபோது அவன் லயத்து வாசலில் சிறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அந்தக் கட்டளைகளைச் சொல்லி நடக்க வைத்தானாம். பாட்டிக்கு இன்றும் இரண்டொரு சொல் ஞாபகம் இருக்கிறது. சொல்லிக் காட்டிச் சிரித்தார். நேதாஜி படத்தை அவன் கொண்டுவந்தது அந்த முறைதான். அவன் புறப்பட்டுப் போன சிறிது நாளில், 1943 அக்டோபரில், ஜப்பான் நம் கெடாவைச் சயாமுக்குத் தாரைவார்த்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் பேராக்கு ஜப்பானியர் கையில். இக்கரையில் நாம் சயாம்காரன் ஆட்சியில். அதன்பின் அவனிடமிருந்து செய்தி ஒன்றும் வரவில்லை.

இனி பர்மா. இங்கேதான் எமக்குத் தொண்டை அடைக்கிறது. மலாயாவில் சேர்ந்த பல படைப்பிரிவுகள் 1944இல் பர்மாவுக்குப் போனது எந்த வழியாகத் தெரியுமா? அந்தச் சயாம் ரயில் பாதை வழியாக. 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனைகளும் சேர்ந்துவிட்டன. எந்தப் பாதைக்குப் பயந்து அவன் படையில் சேர்ந்தானோ, அந்தப் பாதையிலேயே கூண்டு வண்டியில் ஏறிப் போனான். இருபுறமும் காட்டுக்குள் நம் ஜனங்கள் புதைந்து கிடந்தார்கள். பக்கத்து நிரைக்காரனும் அங்கே எங்கோ கிடந்திருப்பான்.

பாட்டிக்குத் தெரிந்த ஒரே விவரம், அண்ணன் நேரு படைப்பிரிவில் இருந்தான் என்பது. அதைக் கொண்டு நாம் சில நூல்களைப் புரட்டினோம். காந்தி, ஆசாத், நேரு, சுபாஷ் என்று தலைவர்களின் பெயரால் படைப்பிரிவுகள் இருந்தன. இம்பால் போர் 1944 நடுவில் தோல்வியில் முடிந்த பிறகு, ஐராவதி ஆற்றங்கரையைக் காக்கும் பொறுப்பு நேரு படைப்பிரிவுக்கு வந்தது. அதன் தலைவர் தில்லான். பின்னால் டில்லிச் செங்கோட்டை வழக்கில் நின்ற மூவரில் ஒருவர். மலாயாவில் சேர்ந்த தமிழ் வாலிபர்கள் அந்தப் பிரிவில் நிறைய இருந்தார்கள். பீரங்கி இல்லை. விமானம் இல்லை. 1945 பிப்ரவரி நடுவில் நியாங்கு என்ற இடத்தில் பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடந்தது. முதலில் வந்த படகுகளை இக்கரையிலிருந்து சுட்டு நிறுத்தினார்கள். பிறகு அக்கரையிலிருந்து பீரங்கியும் மேலிருந்து விமானமும் பேச ஆரம்பித்தன. எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? பலர் சரணடைந்தார்கள். மற்றவர்கள் போப்பா மலைப் பக்கம் பின்வாங்கினார்கள்.

படகேறி வந்த அந்தப் பிரிட்டிஷ் படைக்குப் பெயர் என்ன தெரியுமா? 7ஆவது இந்திய டிவிஷன். ஜித்ராவில் வெள்ளைக்காரனுக்காக நின்றதும் இந்திய டிவிஷன். ஐராவதியில் வந்ததும் இந்திய டிவிஷன். இரு கரையிலும் நம் தேசத்துப் பிள்ளைகள்.

பர்மாவின் அந்தப் பக்கம் வறண்ட பூமி. பனைமரம் நிறைந்த நாடு. 1946இல், சிறையிலிருந்து விடுதலையாகிப் பாரிட் புந்தார் ஸ்டேஷனில் இறங்கிய ஒருவர், விசாரித்து விசாரித்து இந்தத் தோட்டத்துக்கு நடந்தே வந்தாராம். அவர் சொன்ன செய்தி இவ்வளவுதான். போப்பா மலைக்குக் கீழே காலில் குண்டு பட்டுவிட்டது. தூக்கிக்கொண்டு போக டோலி இல்லை. இரவில் நடந்து பகலில் ஒளிந்த சமயம். ஒரு பனைமரத்தடியில் உட்காரவைத்தார்கள். அவன் தன் பூட்ஸைக் கழற்றி, செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்த இந்த மனிதரிடம் கொடுத்துவிட்டு, "அண்ணே, நீங்க போங்க, எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க" என்றானாம். வந்தவர் அந்தப் பூட்ஸோடுதான் ரங்கூன்வரை நடந்தேன் என்று சொல்லி, வாசலில் உட்கார்ந்து அழுதாராம். சாப்பிடச் சொன்னதற்கும் உட்காராமல் போய்விட்டாராம்.

பிறகு துரைமார்கள் திரும்பி வந்தார்கள். புதுச் செக்ரோல் எழுதப்பட்டது. பெரட்டில் வந்து நின்றவன் பெயர் எழுதப்பட்டது. வராதவன் பெயரின்மேல் கோடுகூடப் போடப்படவில்லை. ஏனென்றால் புதுப் புத்தகத்தில் அவன் ஏறவே இல்லை. அவன் தாய் ஆபீசுக்குப் போய், மகன் இறந்ததை எங்காவது எழுதி வையுங்கள் என்று கேட்டாராம். "செத்ததற்குக் காகிதம் உண்டா?" என்று கேட்டார்களாம். காகிதம் எங்கிருந்து வரும்? கேட்டது இரவில் வந்த அதே கிராணியா, வேறொருவரா என்று பாட்டிக்கு ஞாபகமில்லை. அதே ஆளாக இருக்கக்கூடாது என்று நாம் விரும்புகிறோம்.

இங்கிருந்து தைப்பிங் வெகுதூரமில்லை. மெக்ஸ்வெல் மலைக்குப் போகும் சாலையின் இருபுறமும் யுத்த மயானம் ஒன்று இருக்கிறது. போன மாதம் நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். ஒருபுறம் கிறிஸ்தவர்கள், மறுபுறம் இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும். 850க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். பெயர் தெரியாவிட்டாலும் ஆளுக்கொரு கல். புல்லை வெட்டிப் பூச்செடி வைத்துச் சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறாமைப்பட நாம் போகவில்லை. அங்கே கிடக்கும் இருபது வயது ஜாட் பையனும் பஞ்சாபிப் பையனும் நம் வாலிபனுக்குப் பகைவர்களா? அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் இரண்டு பூ வைத்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

சயாமில் காஞ்சனாபுரியிலும் அப்படித்தான். பாதை போட்டுச் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் அவர்களைவிடப் பலமடங்கு செத்த தமிழனுக்கும் மலாய்க்காரனுக்கும் பர்மியனுக்கும் அப்படி வரிசைக் கல் கிடையாது. கைதியின் பெயர் அவன் ராணுவத்தின் புத்தகத்தில் இருந்தது. அதனால் கல்லில் ஏறியது. கூலிக்காரனின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருந்தது? எங்கள் புத்தகத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஒரு கல் எழும்பியது. மாண்ட பெயர் தெரியாத வீரனுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலை 8ஆம் தேதி நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருளில் மூன்று சொற்களைப் பொறித்தார்கள். இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். உயிரோடிருந்த எதிரிக்குப் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. செத்தவனின் கல்லுக்கும் பயந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து 1995இல் சிங்கப்பூர் அரசாங்கம் அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தது. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. நடக்க முடியவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சீனத் தோழர்கள் சிலர் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எம்மிடம் நேராகவே கேட்டார்: "எங்கள் ஜனங்களைக் கடற்கரையில் நிறுத்திச் சுட்டவன் ஜப்பான்காரன். அவனோடு சேர்ந்து நின்ற படைக்கு நீங்கள் விழா எடுக்கிறீர்களா?" கேள்வி நியாயமானது. ஜப்பானியரை நாம் புகழவில்லை. நம் ஜனங்களையும் அவர்கள்தான் சயாமில் கொன்றார்கள். கிழக்கே ஒரு கொடியவன், மேற்கே ஒரு கொடியவன். நடுவில் தோட்டத்துப் பையனுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றுதான். அவன் எந்தச் சீனனையும் சுடப் போகவில்லை. தன்னை அடிமை என்று சொன்னவனை எதிர்க்கப் போனான். நாம் இப்படிச் சொன்னதும் அந்தத் தோழர் சற்று யோசித்துவிட்டு, "அவன் வயது என்ன?" என்று கேட்டார். சொன்னோம். தன் பாட்டனாரின் தம்பிக்கும் அப்போது அதே வயது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்று அவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவருடைய பெரியவர் பெயரையும் நம் ஏட்டில் எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.

திரும்பி வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதை மாத்திரம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கற்ற அணிவகுப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் கெடாவின் பீடோங்கில், ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு என்றார்கள். 1947இல் போலீசை விட்டு அடித்து, பிடித்து, அதை நசுக்கினார்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர்கள் ஒரே தேசியச் சங்கமாகத் திரண்டபோது, முன்வரிசையில் நின்றவர்களில் "ஜெய் ஹிந்த்" சொல்லிப் பழகிய வாய்கள் எத்தனையோ.

இனி நம் வேண்டுகோள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் லயங்களை இடித்துவிட்டார்கள். ஜனங்கள் தாமான்களுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். ஞாபகம் உள்ள கிழவர் கிழவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆகவே நம் கிளையில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். செக்ரோலைப் போலவே கோடு கிழித்த நோட்டு. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன இடம். படைக்குப் போனவன், சயாமுக்குப் போனவன் என்று தனித்தனிப் புத்தகம் கிடையாது. ஒரே புத்தகம், ஒரே வரிசை. கடைசிக் கட்டத்தில் "காகிதம் உண்டா" என்று ஒரு கேள்வி இருக்காது. தெரிந்தவர் வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்குமேல் சங்க அறையில் கிராணிகள் இருவர் உட்கார்ந்திருப்போம். வர முடியாதவர் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம். காப்பி வேண்டாம், பெயர் போதும்.

முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் காலியாக விட்டிருக்கிறோம். ஒன்று பனைமரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு. மற்றொன்று அவனுக்குப் பதிலாக லாரியில் ஏறியவனுக்கு. அழ ஆளில்லாத அந்தப் பையனின் பெயர் பாட்டிக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமும் அண்ணன் பெயரோடு சேர்த்து அதையும் சாமியிடம் சொல்லி வந்ததாகச் சொன்னார். "நீங்க சொல்லாதீங்க தம்பி, நானே சொல்றேன்" என்று எம்மிடம் கேட்டுக்கொண்டார். அதனால்தான் நாம் பெயர் சொல்லவில்லை.

பாட்டி, முன்னுக்கு வாருங்கள். தம்பிமார்களே, கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். நாற்காலியை இங்கே போடுங்கள். நோட்டு திறந்திருக்கிறது. பேனாவில் மை இருக்கிறது. மெதுவாகச் சொல்லுங்கள், பாட்டி, எழுதிக்கொள்கிறோம்.